படத்தின் பெயரை மாற்றினால் பார்மட் மாறுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "சார், ஜேபிஜி கேட்கிறார்கள், என்னிடம் வேறு ஏதோ இருக்கிறது, எப்படி மாற்றுவது?" இதற்கான விடை ஐந்து நிமிட வேலைதான். ஆனால் எதிலிருந்து எதற்கு மாற்றுகிறோம், மாற்றும்போது எதை இழக்கிறோம் என்று தெரியாமல் செய்தால், திரும்பக் கிடைக்காத ஒன்றைத் தொலைத்துவிடுவோம். சென்ற மாதம் எங்கள் மணமேல்குடியில் அப்படித்தான் நடக்க இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். அவருடைய அப்பா கடல் தொழில் செய்தவர், 2004ல் காலமானார். அவர் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்றுதான். 2005ல் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக அந்தப் படத்தை அறந்தாங்கியில் ஒரு ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, பிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓட்டுக் கூரை பிய்ந்து, பிரேம் போட்ட படமும், ஆல்பத்தில் இருந்த மூலப்படமும் மழையில் ஊறிப் போயின. மிஞ்சியது ஸ்டுடியோக்காரர் கொடுத்த ஒரு சி.டி. மட்டும்தான்.

இப்போது அந்தக் குடும்பம் புதிதாகக் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறது. புதுமனை புகுவிழாவில் அப்பாவின் படம் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தம்பி தன் போனில் வைத்திருந்த படத்தை வாட்ஸ்ஆப் மூலம் ஒரு லேபுக்கு அனுப்பி, பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வந்தார். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அவரு முகமாடா?" என்று கேட்டாராம். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்தப் படத்துடன் தம்பி என் வீட்டுக்கு வந்தார்.

நான் முதலில் செய்த தவறு

அவர் போனில் இருந்த படத்தை வாங்கி என் கம்ப்யூட்டரில் திறந்தேன். அகலம் 400 பிக்ஸல், உயரம் 600 பிக்ஸல். பைலின் அளவு 60 கேபிக்கும் குறைவு. அதைப் பெரிதாக்கினேன், சேவ் செய்தேன். முகம் தெளிவாகத் தெரிய ஷார்ப் செய்தேன், சேவ் செய்தேன். வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி சேவ் செய்தேன். ஒவ்வொரு முறையும் படம் மோசமானதே தவிர நன்றாகவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இல்லாத விவரத்தை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இதுக்கு முந்தின பைல் எங்கே இருக்கு?" என்று கேட்டேன். 

"சி.டி.யில ரெண்டு பைல் இருந்துச்சுண்ணே. சின்னதுதான் இது. பெருசு ஓப்பனே ஆகலை. கெட்டுப்போச்சுன்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்த சி.டி.யைக் கொண்டு வரச் சொன்னேன். இன்றைய லேப்டாப்களில் சி.டி. டிரைவ் கிடையாது. நல்ல வேளையாக என் பழைய டெஸ்க்டாப்பில் ஒன்று இருக்கிறது. போட்டுப் பார்த்தால் இரண்டு பைல்கள். ஒன்று ஜேபிஜி. மற்றது 24.7 எம்பி அளவுள்ள டிஃப் பைல். அது கெட்டுப் போகவே இல்லை. அவருடைய போனில் உள்ள கேலரிக்கு டிஃப் பார்மட்டைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சி.டி. சுமார் இருபது ஆண்டு பழையது. எனவே திறந்து பார்ப்பதற்கு முன்பே இரண்டு பைல்களையும் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்தேன். முதல் முறை பாதியில் நின்றது. சி.டி.யை மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்துவிட்டுப் போட்டதும் முழுவதும் காப்பி ஆனது. உடனே ஒரு பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துவிட்டேன். பழைய சி.டி.க்கள் உங்களிடம் இருந்தால் நீங்களும் முதலில் இதைச் செய்திடுங்கள்.

பார்மட் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் ஒரு படம் என்பது புள்ளிகளின் தொகுப்பு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்ஸல். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க 3 பைட்கள் தேவை. இந்த எண்களை எந்த முறையில் பைலுக்குள் அடுக்கி வைப்பது என்பதுதான் பார்மட்.

எதையும் சுருக்காமல் அப்படியே அடுக்கினால் அது விண்டோஸின் பிஎம்பி. 800 × 600 பிக்ஸல் படத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 × 600 × 3 = 14,40,000 பைட். முன்னால் வரும் 54 பைட் தலைப்புத் தகவலையும் சேர்த்தால் 14,40,054 பைட். அந்தக் காலத்து 1.44 எம்பி பிளாப்பியில் இப்படி ஒரே ஒரு படத்தைத்தான் வைக்க முடியும். இதனால்தான் படத்தைச் சுருக்கும் பார்மட்கள் தேவைப்பட்டன.

ஜிஃப்: 1987ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டு வந்தது. ஒரு படத்தில் 256 நிறங்கள்தான் இருக்கலாம். லோகோ, சிறிய அசையும் படங்களுக்கு ஏற்றது. முகத்தைக் காட்டும் போட்டோவுக்கு ஆகாது; கன்னத்தில் வண்ணம் பட்டை பட்டையாகத் தெரியும்.

ஜேபிஜி: ஜேபெக் எனப்படும் நிபுணர் குழு உருவாக்கி, 1992ல் தரமாக வெளிவந்தது. போட்டோவுக்கென்றே செய்யப்பட்டது. படத்தை 8 × 8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய மாற்றங்களை நீக்கிவிடும். நீக்கியது நீக்கியதுதான். அதிகமாகச் சுருக்கினால் இந்தக் கட்டங்களே வெளியே தெரியத் தொடங்கும். தம்பி எடுத்து வந்த பிரிண்டில் முகத்தில் தெரிந்தவை இவைதான்.

பிஎன்ஜி: ஜிஃப் பார்மட்டின் சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. 1990களில் அதற்குக் கட்டணம் கேட்கப்பட்டபோது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் உருவாக்கப்பட்டது இது. 1996ல் தரமாக அங்கீகாரம் பெற்றது. சுருக்கினாலும் எதையும் இழக்காது. எழுத்து, கோட்டுப்படம், ஸ்கிரீன் ஷாட் ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது. போட்டோவை இதில் சேவ் செய்தால் தரம் குறையாது. பைல் பெரிதாக இருக்கும்.

டிஃப்: 1986ல் ஆல்டஸ் நிறுவனம் ஸ்கேனர்களுக்காக வெளியிட்டது. பின்னர் அடோபி வசம் வந்தது. அச்சுத் தொழிலிலும் ஆவணக் காப்பகங்களிலும் இதுதான் மூலப்பிரதி. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டல் வடிவில் சேகரித்தது. அதற்கு உதவியது பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம். இத்தகைய திட்டங்களில் காப்புப் பிரதி டிஃப்பாகவே வைக்கப்படுகிறது. அறந்தாங்கி ஸ்டுடியோக்காரரும் அன்று அதையே செய்து கொடுத்திருக்கிறார்.

ஹெச்இஐசி: 2017ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை இந்த பார்மட்டில் எடுக்கின்றன. ஜேபிஜியைவிடக் குறைந்த இடம் போதும். ஆனால் எல்லா கம்ப்யூட்டர்களிலும் திறக்காது.

வெப்பி: 2010ல் கூகுள் அறிமுகப்படுத்தியது. இணைய தளங்களிலிருந்து படத்தை சேவ் செய்தால் பல சமயம் இந்த பார்மட்டில்தான் கிடைக்கும். பழைய சாப்ட்வேர்கள் இதைத் திறக்காது.

பெயரை மாற்றுவது மாற்றமா?

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். பைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள் எக்ஸ்டென்ஷன் எனப்படும். ரீநேம் செய்து அந்த எழுத்துகளை மட்டும் மாற்றினால் பார்மட் மாறாது.

எங்கள் ஊரில் புரியும்படி சொல்வதென்றால், ஐஸ் பெட்டியின் மேல் "வஞ்சிரம்" என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருக்கும் சூடை வஞ்சிரம் ஆகிவிடாது. ஒவ்வொரு பைலும் தான் யார் என்பதைத் தன் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. பிஎம்பி பைலின் முதல் இரண்டு எழுத்துகள் பி, எம். ஜிஃப் பைல் ஜி, ஐ, எப் என்றே தொடங்கும். விண்ணப்பம் வாங்கும் இணைய தளங்களில் பலவும் பெயரை மட்டும் பார்க்காமல் உள்ளேயும் பார்க்கும். அதனால்தான் பெயரை மட்டும் மாற்றிய படத்தை அவை திருப்பி அனுப்பிவிடுகின்றன.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸ்டென்ஷன் தெரியவில்லையா? விண்டோஸ் 11ல் ஏதாவது ஒரு போல்டரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ என்பதைக் கிளிக் செய்து, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10ல் வியூ டேபிலேயே இதற்கான கட்டம் இருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மீனைக் கருவாடு ஆக்கலாம். கருவாட்டை மீண்டும் மீனாக்க முடியாது. டிஃப்பிலிருந்து ஜேபிஜி எடுக்கலாம். ஆனால் ஜேபிஜியை டிஃப்பாகவோ பிஎன்ஜியாகவோ மாற்றினால் பைல்தான் பெரிதாகும். போன விவரம் திரும்பாது. ஜேபிஜியைத் திருத்தி மறுபடி ஜேபிஜியாக சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். நான் அந்த அரை மணி நேரம் செய்தது இதைத்தான். அதே சமயம், திறந்து பார்ப்பதாலோ, காப்பி செய்வதாலோ எதுவும் குறையாது, பயப்பட வேண்டாம்.

மாற்றும் வழி

எளிய வழி விண்டோஸில் உள்ள பெயிண்ட். படத்தைத் திறந்து, பைல் மெனுவில் சேவ் அஸ் சென்று, வேண்டிய பார்மட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் ஜேபிஜியின் தரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது நம்மைக் கேட்காது.

நான் பயன்படுத்துவது இர்பான் வியூ. ஆஸ்திரியாவில் வசிக்கும் இர்பான் ஷ்கில்யான் என்பவர் 1996ல் வெளியிட்ட புரோகிராம் இது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதன் பிளக் இன் தொகுப்பையும் சேர்த்து இன்ஸ்டால் செய்துகொண்டால் கூடுதலான பார்மட்களைக் கையாளும்.

1. படத்தை இர்பான் வியூவில் திறக்கவும்.

2. கீபோர்டில் எஸ் கீயை அழுத்தவும். சேவ் செய்வதற்கான டயலாக் பாக்ஸ் கிடைக்கும்.

3. சேவ் அஸ் டைப் என்ற இடத்தில் ஜேபிஜியைத் தேர்ந்தெடுக்கவும். பக்கத்தில் ஒரு சிறிய விண்டோ தெரியும். அதில் குவாலிட்டி என்ற அளவுகோலை வேண்டிய இடத்தில் வைக்கவும். பிரிண்ட் எடுக்க 95. இணையத்தில் போட 80 போதும்.

4. வேறு பெயர் கொடுத்து சேவ் செய்திடவும். மூலப்படத்தின் மேலேயே சேவ் செய்ய வேண்டாம்.

தம்பியின் டிஃப் பைலை இப்படித்தான் மாற்றினேன். அது 2400 × 3600 பிக்ஸல். அதாவது 4 × 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை என்று வைத்துக்கொண்டால், 2400ஐ 300ஆல் வகுத்தால் 8; 3600ஐ வகுத்தால் 12. ஆக, 8 × 12 அங்குலப் பிரிண்ட் தாராளமாகப் போடலாம். சிறிய ஜேபிஜிக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 1.3 அங்குல அகலமும் இரண்டு அங்குல உயரமும்தான் வரும். அதை வைத்துக்கொண்டு சுவரில் மாட்டும் படம் கேட்டால் லேபுக்காரர் என்ன செய்வார்?

புதிய பைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்ட் என்ற பிரிவின் வழியாக அனுப்புங்கள். பைல் அப்படியே போய்ச் சேரும்.

விண்ணப்பத்துக்குப் படம்

அதே தம்பியின் தங்கை மகள் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார். ஐபோனில் எடுத்த படத்தை ரீநேம் செய்து ஏற்றிப் பார்த்து, முடியாமல் வந்தார். ஐபிபிஎஸ் தேர்வு அறிவிப்புகளில் போட்டோவுக்கு 200 × 230 பிக்ஸல், 20 முதல் 50 கேபி என்றும், கையெழுத்துக்கு 140 × 60 பிக்ஸல், 10 முதல் 20 கேபி என்றும் கேட்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மூன்று வேலைகளை இதே வரிசையில் செய்ய வேண்டும்.

முதலில் பார்மட். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் என்று சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதன் பின் எடுக்கும் படங்கள் ஜேபிஜியாகவே இருக்கும். அவரை அப்படியே மறுபடி ஒரு படம் எடுத்து வரச் சொன்னேன்.

இரண்டாவது, வெட்டுவது. இர்பான் வியூவில் முகமும் தோளும் வரும்படி மவுஸால் கட்டம் வரைந்து கண்ட்ரோல் + ஒய் அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் மிஞ்சும். கட்டத்தின் அகலமும் உயரமும் 200க்கு 230 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த படியில் முகம் அமுங்கியோ நீண்டோ போகும்.

மூன்றாவது, அளவு. கண்ட்ரோல் + ஆர் அழுத்தி 200, 230 என்று அளவைக் கொடுக்கவும். பின்னர் எஸ் அழுத்தி ஜேபிஜியாக சேவ் செய்திடவும். பைல் 50 கேபியைத் தாண்டினால் குவாலிட்டியைக் குறைக்கவும். 20 கேபிக்குக் கீழே போனால் கூட்டவும். ஒவ்வொரு முறையும் வெட்டிய படத்திலிருந்தே தொடங்குங்கள்; ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்க வேண்டாம்.

பல படங்களை ஒரே நேரத்தில் மாற்ற, இர்பான் வியூவில் பி கீயை அழுத்துங்கள். படங்களைப் பட்டியலில் சேர்த்து, வேண்டிய பார்மட்டையும், சேவ் ஆக வேண்டிய போல்டரையும் கொடுத்து, ஸ்டார்ட் பேட்ச் என்பதைக் கிளிக் செய்தால் மொத்தமும் மாறிவிடும். புதிய போல்டர் ஒன்றைக் கொடுப்பதே பாதுகாப்பானது.

இணையத்தில் பார்மட் மாற்றித் தரும் தளங்கள் நிறைய உள்ளன. ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், கையெழுத்து போன்றவற்றை முகம் தெரியாத தளங்களில் ஏற்ற வேண்டாம். நம் கம்ப்யூட்டரிலேயே முடிகிற வேலைக்கு அவற்றை வெளியே அனுப்புவானேன்?

எந்த வேலைக்கு எது?

பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்க டிஃப். பிரிண்ட் எடுக்கவும், பிறருக்கு அனுப்பவும், விண்ணப்பிக்கவும் ஜேபிஜி. எழுத்து உள்ள ஸ்கிரீன் ஷாட்டுக்கு பிஎன்ஜி. ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது, "600 புள்ளியில் டிஃப் பைலும் வேண்டும்" என்று கேட்டு வாங்குங்கள். திறக்காத பைலைக் கெட்டுப் போனது என்று அழித்துவிடாதீர்கள். அதைத் திறக்கக்கூடிய சாப்ட்வேர் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம்.

விழாவுக்கு முதல் நாள் மாலை புதிய பிரிண்ட் வந்துவிட்டது. நானும் போயிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் விரலை வைத்து, "இந்தா, பேனா. இது அவரோடது இல்ல. போட்டோ புடிக்கிறவருகிட்ட கேட்டு வாங்கிக் குத்திக்கிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். போனில் இருந்த சிறிய படத்தில் அந்தப் பேனா இருந்த இடத்தில் வெறும் கறுப்புத் தீற்றல்தான் இருந்தது.

டிஃப் பைல் இப்போது அவர்கள் வீட்டு லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, என் கம்ப்யூட்டரில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பீரோவிலும் பழைய சி.டி. ஏதாவது கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்களேன்.